வானை வென்றவரும் வாசற்கதவும்

அரபு மொழியில் 'தர்ஜமா' என்றொரு சொல் உண்டு. ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதற்கும் அதுவே பெயர். ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வைப்பதற்கும் அதுவே பெயர். இரண்டு செயலுக்கும் ஒரே சொல் அமைந்தது பொருத்தமே. வாழ்ந்து முடிந்த ஒருவரின் நாள்களை ஏட்டிலோ திரையிலோ இறக்குகிறவனும் ஒரு மொழிபெயர்ப்பாளனே. எனவே, மொழிபெயர்ப்பாளனிடம் நாம் கேட்கும் மூன்று வினாக்களை இவனிடமும் கேட்க நமக்கு உரிமையுண்டு. மூலத்தில் உள்ளதைப் பழுதின்றிப் பெயர்த்தாயா? மூலத்தில் இல்லாததைக் கூட்டினாயா? மூலத்தில் உள்ளதை விட்டாயா?

2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி ஏவியேட்டர்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை இம்மூன்று வினாக்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கியது. ஜான் லோகன் எழுதியது. பதினொரு ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஐந்தைப் பெற்றது. படத்தின் நாயகர் கற்பனை மாந்தர் அல்லர். ஹோவர்ட் ஹியூஸ் என்று உலகறிந்தவர். அவராக நடித்தவர் லியனார்டோ டிகாப்ரியோ.

ஹியூஸ் 1905ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைப்பானுக்கு உரிமம் பெற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர் தந்தை. தாய் 1922இலும் தந்தை 1924இலும் மறைந்தனர். பதினெட்டு வயது இளைஞரின் கையில் ஒரு பெருந்தொழில் வந்து சேர்ந்தது. அச்செல்வத்தைக் கொண்டு அவர் செய்ய விரும்பியவை இரண்டு: படம் எடுப்பது, பறப்பது. 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்னும் வான்போர்ப் படத்தை 1927இல் ஊமைப்படமாகத் தொடங்கினார். எடுத்து முடிக்கும் வேளையில் பேசும்படம் வந்துவிடவே, ஒலியோடு மீண்டும் எடுத்து 1930இல் வெளியிட்டார். 1935இல் தாமே உருவாக்கிய விமானத்தில் மணிக்கு 352 மைல் வேகத்தை எட்டினார். 1938இல் நால்வர் துணையோடு உலகை 3 நாள், 19 மணி, 17 நிமிடங்களில் சுற்றிவந்தார். 1946 ஜூலையில் சோதனை விமானம் ஒன்றை ஓட்டுகையில் பெவர்லி ஹில்ஸ் வீடுகளின் மீது விழுந்து, எரிகாயங்களோடு உயிர் தப்பினார். இத்தனையும் செய்தவரால், பிறர் கைபட்ட ஒரு கதவின் கைப்பிடியைத் தொட இயலாமற் போயிற்று. இன்றைய மருத்துவர் அந்நோயை எண்ணச் சுழற்சி நோய் என்பர். விரும்பாத எண்ணம் ஒன்று மனத்தில் நுழைந்து அச்சுறுத்தும், அவ்வச்சத்தைத் தணிக்க ஒரு செயலைச் செய்யத் தூண்டும், செய்தவுடன் சற்றே தணியும், மீண்டும் வரும். செய்யச் செய்ய வளருமேயன்றிக் குறையாது.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். மூலத்தில் உள்ளதைப் பழுதின்றிப் பெயர்த்தனரா?

நோயைப் பொறுத்தவரை, ஆம் என்றே விடை கூறவேண்டும். இத்தகைய நோயைத் திரையில் காட்டுவோர் பெரும்பாலும் அதனை நகைப்புக்கு உரியதாக்குவர்; அல்லது அழுகைக்கு உரியதாக்குவர். இரண்டும் எளிய வழிகள். ஸ்கோர்செஸி இரண்டையும் விலக்கி, நோயாளியின் கண்ணை நமக்குப் பொருத்தி விடுகிறார். விருந்து மேசையில் ஹியூஸின் தட்டில் பச்சைப் பட்டாணிகள் உள்ளன. உடனிருக்கும் நடிகர் விளையாட்டாகக் கை நீட்டி ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான், அவருக்கு அந்த உணவு முடிந்துவிட்டது. செனட்டர் புரூஸ்டர் தம் இருப்பிடத்திற்கு அழைத்து விருந்தளிக்கும் காட்சியில், கண்ணாடிக் குவளையின்மேல் பெருவிரல் அடையாளம் ஒன்று பதிந்திருக்கிறது. வேறெவரும் காணாத அக்கறையை நாம் காண்கிறோம். கண்டபின் நம்மாலும் அதனைக் காணாதிருக்க முடியவில்லை. ஒரு நோயை விளக்கிச் சொல்லாமல் பார்ப்பவனுக்குள் சற்றே ஊட்டிவிடும் வித்தை இது.

இவற்றுள் தலையாயது கைகழுவும் அறைக்காட்சி. தம்மிடம் எப்போதும் இருக்கும் சவர்க்காரத்தை எடுத்துக் குருதி வருமளவும் கழுவுகிறார். ஊன்றுகோலோடு நிற்கும் ஒருவர் அருகிலுள்ள துண்டை எடுத்துத் தருமாறு கேட்கிறார். ஹியூஸால் தர முடியவில்லை. ஈரமும் பண்பும் இல்லாதவர் என்று அம்மனிதர் எண்ணியிருப்பார். உண்மை அதுவன்று என்பது நமக்கு மட்டுமே தெரியும். பின்னர்க் கதவருகே வருகிறார். கைப்பிடியைத் தொட வேண்டும், தொட இயலவில்லை. எவரேனும் வெளியிலிருந்து திறப்பாரோ என்று சுவரோரம் காத்து நிற்கிறார். திறந்தவுடன் இடுக்கு வழியே நழுவி வெளியேறுகிறார். உலகைச் சுற்றிவந்தவர், பிறர் திறக்கும் வாசலுக்காகக் காத்து நிற்கும் அந்தச் சில நொடிகளில் படத்தின் பொருள் முழுதும் அடங்கிவிடுகிறது. இக்காட்சியில் இசையோ வசனமோ செய்யாததை டிகாப்ரியோவின் முகம் செய்கிறது. தமக்கே இளமையில் இதன் மெல்லிய சாயல் இருந்ததாக அவர் வெளிப்படையாகக் கூறியவர். இந்நோயை ஆராய்ந்த மருத்துவர் ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ் என்பாரிடம் கேட்டறிந்தும் நடித்தார். அவ்வுழைப்பு வீண்போகவில்லை.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. படத்தின் முற்பகுதி, அக்காலத்து இருநிறப் படச்சுருளைப் போலத் தோன்றுமாறு அமைக்கப்பட்டுள்ளது. புல்லும் பட்டாணியும் பச்சையாகத் தெரியாமல் நீலம் பாய்ந்து தெரிகின்றன. காலம் நகர நகர, இயல்பான வண்ணங்கள் வருகின்றன. உலகு தெளிவாகத் தெரியத் தெரிய, அம்மனிதரின் உள்ளம் இருளுகிறது. ஒளிப்பதிவாளர் ராபர்ட் ரிச்சர்ட்சனுக்கு ஆஸ்கர் கிடைத்தது வியப்பன்று.

இரண்டாம் வினா: மூலத்தில் இல்லாததைக் கூட்டினரா?

படத்தின் முதற்காட்சியிலேயே தாய் தன் சிறுவனைக் குளிப்பாட்டுகிறாள். தொற்றுநோய்க்காரரை ஒதுக்கி வைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுக்கிறாள். உனக்குப் பாதுகாப்பில்லை என்கிறாள். பெரியவரான ஹியூஸ் நோயின் பிடியில் சிக்கும்போதெல்லாம் அச்சொல் திரும்ப வருகிறது. தாய்க்கு மகனின் உடல்நலம் குறித்து மிகுந்த அச்சம் இருந்தது என்பதை ஹியூஸின் மறைவுக்குப் பின் அவர் வாழ்வை ஆராய்ந்த உளவியல் அறிஞர் ரேமண்ட் ஃபவுலரும் எடுத்துக் காட்டியிருக்கிறார். எனவே செய்தி பொய்யன்று. ஆனால் ஒரு செய்தியைப் பாயிரத்தில் வைப்பதாலேயே அது காரணமாகிவிடுகிறது. பிள்ளையின் உடல்நலம் எண்ணி அஞ்சிய தாய்மார் அக்காலத்தில் எத்தனை ஆயிரம் பேர்! அவர்தம் பிள்ளைகள் அனைவரும் கதவருகே நின்றுவிடவில்லை. பிறவியில் வரும் இயல்பும் மூளையின் அமைப்பும் வளர்ப்பும் வாழ்வின் அதிர்ச்சிகளும் கூடியே இந்நோய் தோன்றுகிறது என்பது இன்றைய மருத்துவம் கூறுவது. ஒரு தாயின் குளியல் தொட்டிக்குள் அதனை அடக்கிவிடுவது நாடகத்திற்கு வசதி, உண்மைக்கு வசதியன்று. நோயுற்ற பிள்ளையைப் பெற்ற தாய் இப்படத்தைப் பார்க்க நேர்ந்தால், தேவையற்ற ஒரு குற்ற உணர்ச்சியைச் சுமந்தே எழுந்து செல்வாள்.

இதனினும் பெரிய கூட்டல் ஒன்று உண்டு. ஹியூஸின் மேதைமையும் அவர் நோயும் ஒரே வேரில் கிளைத்தவை என்னும் எண்ணத்தைப் படம் நம் உள்ளத்தில் மெல்ல விதைக்கிறது. இருபத்து நான்கு படக்கருவிகள் போதாதென்று மேலும் இரண்டைக் கேட்டுத் திரிகிறார். மேகம் திரளும்வரை விமானக் கூட்டத்தையே தரையில் நிறுத்திக் காத்திருக்கிறார். புதிய விமானத்தின் உடலைக் கையால் தடவித் தடவி, ரிவெட்டு ஆணிகளின் தலை ஒன்றேனும் துருத்தி நிற்கிறதா என்று பார்க்கிறார். பிறகு அதே கை, சவர்க்காரத்தால் தேய்த்துத் தேய்த்துக் குருதி சிந்துகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும்போது, பார்ப்பவன் இவ்விரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டுவது இயல்பு. பெருமை வேண்டுமாயின் இத்துயரை விலையாகத் தரத்தான் வேண்டும் போலும் என்று பெருமூச்சு விடுவதும் இயல்பு.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். மேகத்திற்காகக் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. வெறும் நீலவானில் விமானம் எத்துணை விரைந்தாலும் அதன் விரைவு தெரியாது. பின்னே நிலையான ஒன்று இருந்தாலன்றோ ஓடுவது ஓடுவதாகத் தோன்றும்! மேகம் வந்தது, படம் எடுத்தார், வேலை முடிந்தது. ஆணித்தலைகளை மட்டமாக்கியதற்கும் காரணம் உண்டு. அவை துருத்தி நின்றால் காற்று தடைபடும். மட்டமாயின, விமானம் 352 மைல் பறந்தது, வேலை முடிந்தது. செம்மையை நாடும் உழைப்புக்கு ஓர் எல்லை உண்டு. பொருள் செம்மையானதும் கை ஓய்ந்துவிடும். நோயின் உழைப்புக்கோ எல்லை இல்லை. எத்தனை முறை கழுவினால் கை தூயதாகும் என்னும் கேள்விக்கு நோயிடம் விடை கிடையாது. செம்மை நாடுகிறவன் பொருளைப் பார்க்கிறான். நோயுற்றவன் தன் அச்சத்தைப் பார்க்கிறான். எனவே இவை ஒரே வேரின் இரு கிளைகள் அல்ல. ஒரு மரமும் அதன்மேல் படர்ந்த புல்லுருவியும் ஆகும். மரம் உயர்ந்தது புல்லுருவியால் அன்று. அது இருந்தும் உயர்ந்தது.

படத்துக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. நோய் முற்ற முற்ற அவருடைய தொழில் செம்மை அடையவில்லை, தேங்கியது. 1942இல் போர்க்கால ஒப்பந்தத்தின்படி தொடங்கிய 'ஹெர்குலிஸ்' என்னும் மரத்தாலான மாபெரும் விமானம், 1945இல் போர் முடிந்த பின்னும் முடியவில்லை. அதன் கட்டுப்பாட்டுச் சக்கரம் எவ்வாறு இருக்கவேண்டும் என்று மாதிரிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் கொண்டேயிருக்கிறார். வரைபடங்களைக் காட்டுமாறு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்த இயலாமல் தம் வாயைத் தாமே பொத்திக்கொள்கிறார். 320 அடி அகலச் சிறகும் எட்டு இயந்திரங்களும் கொண்ட அவ்விமானம் 1947 நவம்பர் 2ஆம் நாள் லாங் பீச் துறைமுகத்தில் ஏறத்தாழ ஒரு மைல் தூரம் பறந்தது. பிறகு ஒருநாளும் பறக்கவில்லை. ஆயினும் ஹியூஸ் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபத்தொன்பது ஆண்டுகள், பறப்பதற்கு ஆயத்தமான நிலையில் மூடிய கொட்டகையில் அது காக்கப்பட்டது. மேதைமைக்கு நோய் எரிபொருளாயிற்று என்போர் இந்தக் கொட்டகையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழுவியும் கழுவியும் அமைதி பெறாத மனம் புதியதன்று. அமெரிக்கச் செல்வர்க்கு மட்டும் உரியதுமன்று. 'வஸ்வாஸ்' என்று நம் வீடுகளில் வழங்கும் சொல்லை அறியாத வாசகர் இரார். உளூச் செய்த உறுப்பு நனைந்ததோ இல்லையோ என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் கழுவுவோரைப் பற்றி அரபு நூலோர் விரிவாகவே எழுதியுள்ளனர். இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வில் தூய்மையைப் பற்றிக் கூறுமிடத்து, புறத்தைக் கழுவுவதிலேயே காலமெல்லாம் போக்குவோரைக் கண்டிக்கிறார். ஹிஜ்ரி 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி ஒரு நிகழ்ச்சியைக் குறித்து வைத்துள்ளார். நீரில் பலமுறை மூழ்கியும் குளிப்பு நிறைவேறியதா என்ற ஐயம் தீரவில்லை என்று ஒருவர் இப்னு அகீலிடம் முறையிட்டாராம். அப்படியாயின் உம்மீது தொழுகை கடமையே இல்லை. சித்தம் பிறழ்ந்தவர்க்குக் கடமை இல்லையன்றோ என்றாராம் அப்பெரியார். கூரிய விடைதான், எனினும் நோயாளியைக் குணப்படுத்தும் விடையன்று. அதற்கு முன்பே, ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒன்றாக வைத்து எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் இதனைப் பழிக்காமல், மருந்து தேடவேண்டிய உளத்துயராகவே ஆராய்ந்தார். தனிமையை விலக்குக, மனிதரோடு கூடியிருக்க என்பது அவர் கூறிய வழிகளுள் ஒன்று. ஃபிக்ஹு கலையிலோ, உறுதியாகத் தெரிந்தது வெறும் ஐயத்தால் நீங்காது என்பது அடிப்படை விதி. ஐயத்துக்குப் பணியாதே, பணிந்தால் அது வளரும் என்பதே இதன் உட்கிடை.

இந்த ஒளியில்தான் மூன்றாம் வினாவை அணுகவேண்டும். மூலத்தில் உள்ளதை விட்டனரா?

விட்டனர், அதுவும் பெரும்பகுதியை. 1925இல் மணந்து 1929இல் பிரிந்த முதல் மனைவியைப் படத்தில் காணோம். அது சிறு குறை. படம் 1947இல் முடிந்துவிடுகிறது என்பதே பெருங்குறை. ஹியூஸ் அதற்குப்பின் ஏறத்தாழ இருபத்தெட்டரை ஆண்டுகள் வாழ்ந்தார். 1966 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரின் 'டெசர்ட் இன்' விடுதியில் ஒன்பதாம் மாடிக்குச் சென்றவர், 1970 வரை அங்கேயே அடைந்து கிடந்தார். விடுதியாரோடு பிணக்கு வந்தபோது விடுதியையே 1967இல் விலைக்கு வாங்கினார். பின்னர் நாடு விட்டு நாடு, விடுதி விட்டு விடுதி. எங்கும் அடைத்த சன்னல். 1976 ஏப்ரல் 5ஆம் நாள், மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து ஹூஸ்டனுக்குக் கொண்டு செல்லப்படுகையில் விமானத்திலேயே உயிர் பிரிந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்த அவ்வுடலை இன்னாருடையதென்று உறுதிசெய்யக் கைரேகை பார்க்க வேண்டியதாயிற்று.

அந்த அறைகளில் அவரைச் சூழ்ந்து ஊழியர் இருந்தனர். ஒரு பழ டப்பாவை எப்படிக் கழுவி, எப்படித் திறந்து, எப்படித் தட்டில் இடவேண்டும் என்று படிப்படியாக எழுதிய கட்டளையை அவர்கள் நிறைவேற்றினர். எப்பொருளையும் மெல்லிய காகிதக் கைக்குட்டைகளால் பற்றிக் கொடுத்தனர். அவர்கள் தீயவர் அல்லர். ஊதியம் பெற்றவர், சொன்னதைச் செய்தனர். ஆனால் கட்டளையிட்டவர் ஹியூஸ் அல்லர். அவருள் இருந்த நோய். அந்நோய்க்கு அத்தனை பேர் பணியாளராயினர். ஏழையின் வீட்டில் இதே நோய் வந்தால் ஒருநாள் மனைவி தண்ணீர்க் குடத்தைப் பிடுங்குவாள். தம்பி கதவைத் தட்டுவான். அது மருத்துவமன்று, எனினும் ஒரு தடை. செல்வரின் வீட்டில் அத்தடை கூட இல்லை. பணத்தால் அவர் வாங்கியவற்றுள் மிகக் கொடியது, மறுத்துப் பேசாத மனிதரே.

அவர் ஒன்பதாம் மாடியேறிய அதே 1966ஆம் ஆண்டில், இலண்டனில் விக்டர் மேயர் என்னும் உளவியலார் இந்நோய்க்கு ஒரு புதிய சிகிச்சை முறையை வெளியிட்டார். அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, தொட்டபின் கழுவாமல் உடனிருந்து காப்பது அம்முறை. கழுவாமலே அச்சம் தானாகத் தணியும் என்பதை நோயாளி தம் உடம்பாலேயே அறிகிறார். அம்முறை வளர்ந்து இன்று பலருக்கு நலம் தருகிறது. துணைசெய்யும் மருந்துகளும் உள்ளன. ஹியூஸின் பெயரால் 1953இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இன்று உலகின் பெரும் ஆராய்ச்சி நிறுவனங்களுள் ஒன்று. அந்தப் பெயருக்கு உரியவர்க்கோ, உடல்வலிக்குக் கோடீன் எனும் மருந்து தாராளமாகக் கிடைத்தது. உள்ளத்துக்கு உரிய மருத்துவம் கிடைக்கவில்லை. இத்தனையும் 1947க்குப் பிற்பட்டவை. இவற்றை விட்டதால் வெற்றியின் உச்சியில் ஒரு நிழலை மட்டும் காட்டிப் படம் நின்றுவிடுகிறது. நிழலைப் பார்த்தவர் அதனை அழகு என்றும் கருதக்கூடும்.

எனினும் நடுநிலை பிறழாது கூறவேண்டும். விட்டதன் விதை படத்துக்குள் கிடக்கிறது, கண்டெடுப்பவருக்கு அகப்படும். வானில் பறக்கையில் தம் பால்புட்டியைக் கேத்தரின் ஹெப்பர்னிடம் தருகிறார் ஹியூஸ். அவர் அருந்தித் திருப்பித் தருகிறார். ஒரு நொடி தயங்கி, அதே வாயால் தாமும் அருந்துகிறார். படத்தில் நோய் தோற்கும் அரிய கணம் அது. அன்பின் துணையால் ஐயத்துக்குப் பணியாத கணம். பின்னாளில் அவர் படம் பார்க்கும் அறைக்குள் ஆடையின்றித் தம்மை அடைத்துக்கொள்ளும்போது, மூடிய கதவின் அப்புறம் நின்று அதே ஹெப்பர்ன் பேசுகிறார், கதவு திறக்கவில்லை. பிறகு ஏவா கார்ட்னர் வருகிறார். வாதாடவில்லை, முகத்தை மழித்து, கழுவி, ஆடை உடுத்தி, செனட் விசாரணைக்கு அவரை ஆயத்தமாக்குகிறார். மறுகாட்சியில் அதே மனிதர் புரூஸ்டரின் குற்றச்சாட்டுகளைச் சபை நடுவே தகர்க்கிறார். இவ்விரு பெண்களும் அவர் ஊதியம் பெறாதவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

இறுதிக் காட்சியோ இதற்கு நேர்மாறு. பெரு விமானம் பறந்துவிட்டது, ஊரே கொண்டாடுகிறது. ஹியூஸ் வருங்காலத்தின் வழி இதுவே என்னும் பொருள்பட ஒரு தொடரைச் சொல்லத் தொடங்கி, நிறுத்த இயலாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உடனிருக்கும் ஊழியர் செய்வது என்ன? பிறர் கண்ணில் படாமல் அவரை அறை ஒன்றுக்குள் கொண்டு சென்று கதவைச் சாத்துகின்றனர். கண்ணாடி முன் நின்று அவர் அத்தொடரையே சொல்கிறார், படம் முடிகிறது. மறைத்தனர்; மறைத்ததை உதவி என்று கருதினர். அடுத்த இருபத்தெட்டரை ஆண்டுகளின் சுருக்கம் அந்தச் சாத்திய கதவுதான். இயக்குநர் அதனை அறிந்தே வைத்தார் என்று நான் கருதுகிறேன். ஆயினும் கைதட்டலின் ஒலியில் பலருக்கு அது கேளாமற் போகலாம்.

எனவே என் தீர்ப்பு இதுதான். நோயைப் பெயர்த்ததில் இப்படம் உயர்ந்தது. நோயின் காரணத்தைப் பெயர்த்ததில் எளிமைப்படுத்தியது. நோயின் விலையைப் பெயர்க்காமலே விட்டது. கலையளவில் இது சிறு குறையாகத் தோன்றலாம். வாழ்வளவில் அப்படியன்று. நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை தம் வாழ்நாளில் இந்நோயை அறிகின்றனர் என்பர் மருத்துவர். அவருள் பெரும்பாலோர் விமானம் செய்தவருமல்லர், படம் எடுத்தவருமல்லர். குழாயடியில் நெடுநேரம் நிற்கும் மாணவரும், பூட்டிய பூட்டைப் பத்துமுறை இழுத்துப் பார்க்கும் இல்லத்தரசியும் அவருள் அடங்குவர். அவர்களிடம் போய், இது மேதைமையின் அடையாளம் என்று சொல்வதும் கொடுமை. பேணுதல் மிக்கவர் என்று பாராட்டுவதும் கொடுமை. பித்தர் என்று நகைப்பதும் கொடுமை.

படத்தைக் காண வாய்ப்புள்ளோர் காணலாம். காணும்போது பறக்கும் காட்சிகளில் மயங்கி நில்லாது, அந்தக் கைகழுவும் அறையின் கதவருகே சற்றுக் கூடுதலாக நிற்க வேண்டுகிறேன். அங்கே நிற்பவர் கதவைத் தமக்காகப் பிறர் திறந்துவிடுவதை விரும்புகிறார். ஒவ்வொரு முறையும் திறந்துவிடுவது அவருக்குச் செய்யும் நன்மையன்று. அருகில் நின்று, அவர் கையாலேயே அதனைத் திறக்கும்வரை பொறுத்திருப்பதற்கு ஒருவர் வேண்டும். ஹியூஸுக்கு அப்படி ஒருவர் நெடுங்காலம் வாய்க்கவில்லை.